ஆறில்லாத குடாநாடு: யாழ்ப்பாணத்து மண்ணும் நீரும் பற்றிக் கேள்வி பதில்

யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவன் நான். குடாநாட்டைப் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அரசியல் வாக்குவாதத்துக்கு இழுத்தவர்கள் மன்னிக்க வேண்டும், அதற்கு என்னைவிடத் திறமான ஆட்கள் இருக்கிறார்கள்.

திருச்சி வாசகர்: ஐயா, நாங்கள் தீபகற்பம் என்கிறோம், நீங்கள் குடாநாடு என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே? மூன்று பக்கம் கடல் என்று படித்தோம். யாழ்ப்பாணத்துக்கு நாலாவது பக்கம் எங்கே இருக்கிறது?

ஒன்றுதான். உங்கள் பாடப்புத்தகம் வடசொல்லை எடுத்துக்கொண்டது, எங்கள் பக்கம் குடாநாடு நிலைத்துவிட்டது.

நாலாவது பக்கம் நல்ல கேள்வி. கேட்டால் எல்லோரும் ஆனையிறவைத்தான் சொல்வார்கள். ஆனால் ஆனையிறவில் நீங்கள் பஸ்ஸில் ஓடுவது ஆழமில்லாத கடல்நீரேரிக்கு நடுவே மனிதர் போட்ட மேட்டுவழியில். தெருவும் ரயில் பாதையும் வந்து மறிப்பதற்கு முன்னர் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒன்றாகவே கிடந்தது. மறித்த பிறகு கிழக்குப் பக்கம் தனி ஏரி மாதிரி ஆகிவிட்டது. இயற்கையாக நிலம் தொடுகிற இடம் இன்னும் கிழக்கே, சுண்டிக்குளத்தில் இருக்கிற மெல்லிய மணல் திட்டுத்தான். மேற்கே பூநகரிப் பக்கம் கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்கு முன்பு ‘பாதை’ ஓடியது. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். 2011இல் அந்த இடத்தில் பாலம் வந்தது.

வகுப்பில் நான் இப்படித்தான் சொல்வது: இது ஒரு தீவு, மணல் கயிற்றால் கரையில் கட்டிப்போட்டிருக்கிறது.

தஞ்சாவூர் விவசாயி: ஆறே இல்லையாம். பிறகு எப்படி ஐயா வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் அந்தப் போடு போடுகிறீர்கள்?

காவிரிக்காரருக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். இருங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தது, ஒரு கோடி ஆண்டுகளைத் தாண்டிய கல். மழைநீரிலுள்ள மெல்லிய அமிலம் அதை அரித்து அரித்து வெடிப்பும் பொந்தும் குகையுமாக ஆக்கிவைத்திருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை அடித்து ஊற்றிவிடும். மேலே ஆறாக ஓடச் சரிவும் இல்லை, மிக உயர்ந்த இடங்களே பத்துப் பதினைந்து மீட்டர்தான். ஆகவே தண்ணீர் நேரே கீழே இறங்குகிறது.

கீழே போனால் அங்கே ஏற்கெனவே கடல்நீர் இருக்கிறது, சுற்றிவரக் கடல் அல்லவா. உப்புநீர் பாரம் கூடியது, நன்னீர் இலேசானது. அதனால் நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது, நடுவில் தடித்து, கரைப்பக்கம் மெலிந்து. கணக்கு இதுதான்: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். கிணற்றில் நீர்மட்டத்தை ஒரு அடி நிரந்தரமாக இறக்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். எங்கள் முழு வாழ்க்கையும் இந்தக் கணக்கில் நிற்கிறது.

பழைய ஆட்கள் இந்தச் சூத்திரத்தைப் படித்தவர்கள் இல்லை, ஆனால் அவர்களுடைய கருவியே அளவு பார்த்தது. அதுதான் துலா. ஆடுகால் என்ற தூணில் நீண்ட மரம், ஒரு முனையில் கயிறும் பனையோலைப் பட்டையும். துலா மிதிக்கிறவர் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார், கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துச் சரிப்பார், வாய்க்கால் கரையில் மூன்றாமவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். என் சிறுவயதில் விடியற்காலை நாலு மணிக்கு அந்த மரம் கிரீச்சிடும் சத்தத்தில்தான் நான் எழும்பியது. மூன்று பேர் வேர்வை சிந்தி இறைத்தால் எவ்வளவு இறைக்க முடியும்? கிணறு ஊறுகிற அளவுதான். பிறகு மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது, அப்புறம் மின்சார மோட்டர். பொத்தானுக்கு வேர்க்காது.

இத்துடன் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துச் செம்மண்ணைச் சேர்க்க வேண்டும். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் போனால் கால் சிவந்துவிடும். தண்ணீரைத் தேங்கவிடாத மண். ஆட்டுப்புழுக்கையும் குழையும் தாழ்த்துத் தாழ்த்து அதை வளமாக்கியது ஆட்கள்தான், மண் தானாக அப்படி இல்லை.

மாணவி, வவுனியா: மாஸ்டர், நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்கிறார்கள். உண்மையா? எலுமிச்சம்பழம் போட்டால் கடற்கரைக் கீரிமலைக் கேணியில் வருமாமே?

எலுமிச்சம்பழக் கதையை என் அம்மம்மாவும் சொன்னவ, பிள்ளை. பழத்தைக் கீரிமலையில் எடுத்த ஆளை மட்டும் நான் இன்னும் சந்திக்கவில்லை. இராமர் அம்பு விட்டுத் தோண்டிய கிணறு என்றும் கதை உண்டு.

அடி இருக்கிறது, ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். புத்தூருக்குப் பக்கத்தில், நிலத்தடிக் குகையின் கூரை இடிந்து விழுந்து உண்டான பள்ளம் அது. மேற்பகுதியில் நன்னீர், கீழே போகப்போக உவர், பிறகு முழு உப்பு. தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்ன வில்லையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் பார்க்கலாம். ஊரெழுப் பொக்கணை, புன்னாலைக்கட்டுவன் குளக்கிணறு எல்லாம் இதே குடும்பம். இவற்றுக்கிடையே நிலத்தடியில் வெடிப்புகள் வழியாக நீர் நகர்கிறது என்ற அளவில் அந்த எலுமிச்சம்பழக் கதையில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

சுன்னாகத்து இல்லத்தரசி: எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பரிசோதித்துப் பார்க்காமல் குடிக்க வேண்டாம், தங்கச்சி. அளவுக்கு மீறிய யூரியாவும் மலக்குழியும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றை (நைட்ரேட்) கூட்டிவிட்டன. உங்கள் பக்கம் எண்ணெய்க் கழிவுப் பிரச்சினையும் இருந்தது. சுண்ணாம்புக்கல் மழையை எவ்வளவு வேகமாக உள்ளே விடுகிறதோ அதே வேகத்தில் அழுக்கையும் விடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, இதை மறக்க வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதென்றால் இன்னும் கவனம்.

பொறியியல் மாணவர், பேராதனை: மாரி மழை முழுக்கக் கடலுக்குப் போகிறதே, ஏரிகளை மறித்து நன்னீராக்க முடியாதா?

யோசித்திருக்கிறார்கள் தம்பி, நீங்கள் பிறக்கும் முன்னமே. ஆறுமுகம் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1950களில் முன்வைத்த திட்டம் ஊரில் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆனையிறவு ஏரியை உப்புக் கழுவி நன்னீராக்குவது, அதை முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சி ஏரிக்கும் உப்பாறு என்ற ஏரிக்கும் கொண்டுவருவது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுக் கடலைத் தடுப்பது. ஒவ்வொரு மாரியும் உப்பு கொஞ்சம் கழுவுப்பட்டு, சுற்றியுள்ள கிணறுகளும் இனிக்கத் தொடங்கும் என்பது கணக்கு. துண்டு துண்டாக வேலை நடந்தது, முழுதாக முடியவில்லை. என் கருத்தைக் கேட்டால், குடாநாட்டுக்கென்று வரைந்த திட்டங்களில் இந்த நிலத்தைச் சரியாகப் படித்தது இதுதான். ஆனால் ஏரியில் இறால் பிடித்துச் சீவிக்கிற குடும்பங்களுக்கு உப்பு போனால் தொழில் போகும், அதையும் அவர்கள் பக்கம் இருந்து பார்க்க வேண்டும்.

ஒரு சின்னத் திருத்தம்: ஆறே இல்லை என்று மேலே ஒருவர் எழுதியதை நானும் விட்டுவிட்டேன். வழுக்கையாறு உண்டு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்திலிருந்து அராலிக் கடலுக்குப் போவது. மாரியில் மட்டும் ஓடும், கோடையில் அதற்குள் பெடியள் கிரிக்கெட் விளையாடுவார்கள்.

சென்னை வாசகர்: யாழ்ப்பாணம் என்ற பெயர் யாழ் வாசித்தவனுக்குப் பரிசாகக் கொடுத்த ஊர் என்பதாலா?

கதை அப்படி. பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் பாடி, மன்னனிடம் மணற்றிடர் என்ற மணல் நிலத்தைப் பரிசாகப் பெற்றான் என்று யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. அது ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதியது, ஆகவே மிகப் பிந்தியது. அதற்கு முன்பே 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் ‘யாழ்ப்பாணாயன் பட்டினம்’ என்று பாடிவிட்டார். போர்த்துக்கேயர் வாயில் விழுந்து ஜஃப்னாபட்டாம் ஆகி, ஆங்கிலத்தில் வால் அறுந்து போயிற்று. மணற்றி என்ற பழைய பெயர் எனக்கு இன்னும் பிடிக்கும், நிலத்தைப் பார்த்து வைத்த பெயர் அது.

மதுரை, தமிழாசிரியை: மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதானே?

பலர் அப்படிச் சொல்கிறார்கள், கோயில் பக்கம் கேட்டால் நிச்சயமாக அப்படித்தான். காப்பியத்தை வைத்து வரைபடம் போட நான் துணியமாட்டேன். ஆனால் நாகதீபம் என்ற பெயர் உறுதியானது. மகாவம்சத்தில் இருக்கிறது. பழைய கிரேக்கப் புவியியலாளர் தொலமி அறிந்திருந்தார். வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொற்சாசனத்தில் வசப மன்னன் பெயரோடு ‘நாகதீவ’ என்று பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. அது நயினாதீவை மட்டும் குறிக்காமல் குடாநாட்டையே குறித்தது என்பதுதான் பொருந்துகிறது.

இதே ஆசிரியை: எழுத்தை விடுங்கள், மண்ணுக்குள் என்ன கிடைத்தது?

ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது, பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றில் எலும்புக்கூட்டோடு ஒரு சிறிய முத்திரை கிடைத்தது. ஒரு வரியில் குறியீடுகள், இன்னொரு வரியில் பிராமி. ‘கோவேத’ என்று வாசித்தார்கள். ஒரு விரலில் அடங்குகிற பொருள், அதைப் பற்றி எழுதிய கட்டுரைகள் அலுமாரி கொள்ளாது.

கந்தரோடை அதைவிடப் பெரிது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் தோண்டினார்கள். கறுப்பு-சிவப்பு மட்பாண்டம், உரோமத் தொடர்புள்ள, சில்லு உருட்டி வரி பதித்த மட்பாண்டம், நாணயங்கள். உள்நாட்டு வயல்வெளிக்குள் கிடக்கும் இடத்துக்கு உரோமச் சரக்கு எப்படி வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். வரைபடத்தில் வழுக்கையாற்றின் போக்கைப் பாருங்கள், கந்தரோடையை ஒட்டித்தான் போகிறது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் அந்த வழியால் ஒருகாலம் தோணி வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

டொரன்டோவிலிருந்து: அண்ணை, யானையே இல்லாத ஊரில் ஏன் ஆனைக்கோட்டை, ஆனையிறவு, ஆனைப்பந்தி?

யானை வன்னிக் காட்டில் இருந்தது, வாங்குகிறவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான், நடுவில் நாங்கள் இருந்தோம். பிடித்த யானைகளை ஆழமில்லாத இடத்தில் ஏரியைக் கடக்கவைத்துக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, விற்று, கப்பல் ஏற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் யானை ஏலமே நடந்தது.

வியாபாரம் அவர்களுக்கும் மிக முந்தியது. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. பிறகுதான் சுவை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு சொந்தக்காரனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி அரசுக்கு. ராசாவுக்கு எந்தச் சரக்கு வேண்டியிருந்தது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? அது மட்டுமில்லை, கல்லில் வெட்டிவைக்கிற அளவுக்கு இந்தப் பவளப்பாறைக் கடலில் கப்பல்கள் உடைந்திருக்கின்றன.

ஒரு வாசகர்: சங்கிலியன் எத்தனை பேர்? குழப்பமாக இருக்கிறது.

இரண்டு பேரைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாம் சங்கிலி 16ஆம் நூற்றாண்டு, 1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்களைக் கொன்றவர், போர்த்துக்கேயரை நெடுநாள் அலைக்கழித்தவர். இரண்டாம் சங்கிலி கடைசி மன்னர். 1619இல் பிலிப் தெ ஒலிவேராவிடம் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கொல்லப்பட்டார். நாடகத்தில் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள், மீசை ஒன்றுதானே.

சட்ட மாணவர், கொழும்பு: ஒல்லாந்தர் விட்டுப்போனது கோட்டை மட்டும்தானா?

கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினார்கள். பெருமளவு பவளக்கல். 1706இல் உள்ளே கட்டிய தேவாலயம் 1990 முற்றுகையில் தரைமட்டமாயிற்று. ஆனால் உங்களுக்கு வேண்டியது தேசவழமை. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி ஊர் வழக்கங்களைக் கேட்டு எழுதினார். அதை முதலியார்கள் என்ற ஊர் அதிகாரிகளிடம் காட்டிச் சரிபார்த்து, 1707 அளவில் சட்டமாக்கினார்கள். பங்காளியும் அயலானும் காணியை முதலில் வாங்குகிற உரிமை அதில் வருவது. இன்றைக்கும் காணி உறுதி எழுதப் போனால் அந்தப் புத்தகம் மேசைக்கு வரும்.

தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள்: லெய்டன், ஆம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ட் மட்டும் பிழைத்துக்கொண்டது.

வேதாரண்யம் மீனவர்: எங்களுக்கும் உங்களுக்கும் தூரம் கொஞ்சம்தான். வல்வெட்டித்துறைக் கப்பல் அமெரிக்கா போனதாகத் தாத்தா சொல்வார். நிசமா?

நிசம்தான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை ஆட்களே ஓட்டிப் போய், 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து குளொஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள். வாடைக்கு ஒரு திசை, சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுக்கு மறு திசை என்று காற்றைப் பார்த்து பர்மாவுக்குப் போய் அரிசியும் தேக்கும் ஏற்றிவந்த தண்டையல்களின், அதாவது கப்பல் தலைவர்களின், ஊர் அது. உங்கள் தாத்தா அவர்களில் யாரையாவது தெரிந்து வைத்திருப்பார்.

லண்டனில் பிறந்த பெண்: மாமா, 95 இடப்பெயர்வைப் பற்றி அம்மா பேசவே மாட்டா. ‘பாலம்’ என்று மட்டும் சொல்லுவா. என்ன பாலம் அது?

பிள்ளை, வரைபடத்தை எடுங்கோ. மேற்கே வலிகாமம், வடகிழக்கே வடமராட்சி, தெற்கே தென்மராட்சி. வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் நடுவில் உப்பாறு என்ற ஏரி கிடக்கிறது. அதைத் தாண்ட ஒடுங்கின வழிகள்தான்: செம்மணி வெளியால் போய் நாவற்குழிப் பாலம், மற்றது கோப்பாய்-கைதடிப் பாலம். 1995 ஒக்டோபர் 30 பின்னேரம் வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி போனது. லட்சக்கணக்கான சனம், ஒரே இரவு, அந்த இரண்டு வழி. மழை வேறு. சாதாரண நாளில் சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் போகிற தூரத்தை நான் விடிய விடிய நடந்தேன். சைக்கிளில் அப்பாவை இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன், ஒரு அடி வைத்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க ஒரு மரம் இல்லை.

அம்மாவை வற்புறுத்திக் கேட்க வேண்டாம். வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கோ.

கோயம்புத்தூர் பயணி: ஒரே நாள்தான் இருக்கிறது. கோயிலும் கடையும் வேண்டாம், நிலத்தைப் பார்க்க வேண்டும். எங்கே போவது?

நெடுந்தீவை விட்டுவிடுங்கள். பவள மதிலும் குதிரைகளும் பெருக்குமரமும் பார்க்கத் தனி நாள் வேண்டும், குறிகட்டுவானிலிருந்து படகே ஒரு மணித்தியாலம்.

விடிய வல்லிபுரம் போய் மணற்காட்டுக்கு இறங்குங்கள். கிழக்குக் கரையில் வாடைக்காற்று குவித்த மணல் மேடுகள், மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். 2004 சுனாமி இந்தக் கரையைத்தான் அடித்தது. அங்கிருந்து பருத்தித்துறை வந்து வடக்குக் கரையோரமாக மேற்கே திரும்பினால் மணல் முடிந்து பாறை தொடங்கும், போர்த்துக்கேயர் ‘கல் முனை’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. தொண்டைமானாற்றுக் கதவுகளில் இறங்கி இரண்டு பக்கத்து நீரின் நிறத்தையும் பாருங்கள். மத்தியானம் நிலாவரை.

பின்னேரம் கீரிமலை. மலை என்று தேடாதீர்கள், அங்கே ஒன்றும் இல்லை. கடலை ஒட்டிக் கட்டிய கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. நிலத்தடியில் வந்த நன்னீர் அங்கேதான் வெளியே வருகிறது. கேணியில் முங்கி எழும்பும்போது ஒரு வாய் நீர் தானாக உள்ளே போகும். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் போய், அலையில் கையை நனைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு மதில்தான். மாற்று உடுப்பு கொண்டுபோங்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.